புது நீரும் பழைய நீரும்: மொன்றியலின் வெப்பமூட்டல் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1988ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் மொன்றியலின் கோட்-டெ-நேஜ் பகுதியில் ஒரு தொடர்மாடிக் கட்டடத்திற்குக் கொன்சியேர்ஜாகச் சேர்ந்தேன். இருபது வீடுகள் கொண்ட கட்டடம். வாடகையில் அரைவாசி கழிவு. அதற்குப் பதிலாகக் குப்பை, பனி, படிக்கட்டு, நிலவறையில் இருந்த கொதிகலன் ஆகிய நான்கும் என் பொறுப்பு. எனக்கு முன் அந்த வேலையைச் செய்தவர் ஒரு சாவிக் கோர்வையைத் தந்துவிட்டுப் போனார். கொதிகலனைப் பற்றி அவர் சொன்னது ஒரேயொரு வசனம்தான்: ஒக்டோபரில் போடு, மேயில் நிறுத்து.

போடுவதற்கு முன் வடிகுழாயை ஒருதரம் திறந்து பார்த்தேன். மை போலக் கறுத்த நீர் வந்தது. எங்கள் ஊரில் கிணற்று நீர் இப்படிக் கெட்டால் என்ன செய்வோம்? கலக்கி இறைப்போம். சேறு முழுவதையும் அள்ளி வெளியே கொட்டிவிட்டு ஊற்று நீர் தெளிவாக வரும்வரை காத்திருப்போம். நானும் அதையே செய்தேன். கட்டடத்திலிருந்த நீர் முழுவதையும் வடியவிட்டுக் குழாய் நீரால் மீண்டும் நிரப்பினேன். தெளிந்த நீர் வந்தது. அன்று இரவு ஒரு நல்ல வேலை செய்த திருப்தியுடன் படுத்தேன். அடுத்தடுத்து நான்கு இலையுதிர்காலங்கள் இப்படியே செய்தேன்.

நான் செய்தது பிழை. அந்தப் பிழை எவ்வளவு பெரியது, அதில் என் பங்கு எவ்வளவு, மற்றவர் பங்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்க எனக்குப் பல வருடங்கள் எடுத்தன. இக்கட்டுரை அந்தக் கணக்குத்தான். எமது பத்திரிகைகளில் நாம் அரசியல் எழுதுகிறோம், இலக்கியம் எழுதுகிறோம். வருடத்தில் ஏழு மாதம் எம்மை உயிரோடு வைத்திருக்கும் வெந்நீரைப் பற்றி எழுதுவதில்லை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றிலும் அரசியல் உண்டு.

சுண்ணாம்பின் காலம்

வீட்டைச் சூடாக்க வெந்நீரைக் குழாய்களில் ஓடவிடும் யோசனை பழையது. 1777இல் பொன்மேன் என்ற பிரெஞ்சுக்காரர் கோழி முட்டை பொரிக்க வைப்பதற்காக இப்படியொரு அமைப்பைச் செய்தார். 1831இல் இங்கிலாந்தில் ஏஞ்சியர் மார்ச் பேர்க்கின்ஸ் உயரழுத்த வெந்நீர்க் குழாய் முறைக்கு உரிமம் பெற்றார். 1850களின் நடுப்பகுதியில் சென். பீற்றர்ஸ்பேர்க்கில் பிரான்ஸ் சான் கல்லி இன்று நாம் றேடியேற்றர் என்று அழைக்கும் இரும்புப் பொருளை உருவாக்கினார். முதலில் கோழிக்குஞ்சு, பிறகு மாளிகை, பிறகு முதலாளியின் வீடு, கடைசியாகத் தொழிலாளியின் வாடகை வீடு. வெப்பம் பரவிய வரிசை இதுதான்.

ஆனால் நீரைக் கொதிகலனுக்குள் விடுவது என்பது நிலத்தை அதற்குள் விடுவதுமாகும். யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கை எல்லோரும் பார்த்திருக்கிறோம். குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. அந்தக் கல்லை நம்பித்தான் 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. மழைநீர் காபனீரொட்சைட்டை ஏந்திக்கொண்டு கல்லினூடாக இறங்கும்போது சுண்ணாம்பைக் கரைத்துக்கொள்கிறது. நீரைக் காய்ச்சும்போது வாயு வெளியேற, சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிப் பாத்திரத்தில் படிகிறது. எங்கள் அம்மாமார் அதைச் சுரண்டினார்கள். புளி போட்டு ஊறவைத்தார்கள்.

19ஆம் நூற்றாண்டின் நீராவிக் கொதிகலன்களுக்கு இதுவே முதல் எதிரி. இரும்பு வெப்பத்தைக் கடத்தும் அளவில் சுண்ணாம்புப் பொருக்கு ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்குதான் கடத்தும். ஆகவே பொருக்குப் படிந்த கொதிகலனில் நெருப்பின் சூடு நீருக்குப் போவதற்குப் பதிலாகப் புகைபோக்கி வழியே போகிறது. நிலக்கரி வீணாகிறது. இரும்புத் தகடு தாங்காத சூட்டிற்கு உள்ளாகி இளகுகிறது. சிலவேளை வெடிக்கிறது. வெடித்தபோது இறந்தவர்கள் பங்குதாரர்கள் அல்ல, நெருப்பு வைத்த தொழிலாளர்கள்.

பரிகாரங்களைத் தொழிலாளர்களே முதலில் தேடினார்கள். கொதிகலனுக்குள் உருளைக்கிழங்கு போட்டார்கள், ஓக் மரப்பட்டை போட்டார்கள். பொருக்கு கல்லாக இறுகாமல் சேறாகவே இருக்க இவை உதவின. இதைக் கேட்டு நாம் சிரிக்கத் தேவையில்லை. மரப்பட்டையிலுள்ள துவர்ப்பொருளான தனின், தேநீருக்குத் துவர்ப்பைத் தரும் அதே இனத்தைச் சேர்ந்தது. பின்னர் பெரிய இரசாயனத் துறையே அதை ஏற்றுக்கொண்டது. 1841இல் அபர்டீன் பேராசிரியர் தோமஸ் கிளார்க் சுண்ணாம்பு நீரைச் சேர்த்தே சுண்ணாம்பைப் பிரிக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேர்லினில் றொபேட் கான்ஸ் அயன்மாற்று முறையைத் தொழிலுக்குக் கொண்டுவந்தார். 1935இல் இங்கிலாந்தில் அடம்ஸ், ஹோம்ஸ் ஆகிய இருவரும் செயற்கைப் பிசின்களால் அதைச் செய்து காட்டினார்கள்.

இவ்வரிசையில் ஒருவரைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். பிரெஞ்சுப் புகையிரதத் துறையின் பொறியியலாளர் லூயி ஆர்மோன். 1940களில் அவர் உருவாக்கிய நீர்ச்சிகிச்சை முறை சோடா, தனின், நுரையடக்கி ஆகியவற்றைக் கணக்காகக் கலந்து நேரடியாகப் புகைவண்டியின் நீரில் சேர்ப்பது. நீராவி இயந்திரங்களைக் கழுவ நிறுத்திவைக்கும் நாட்களை அது பெருமளவு குறைத்தது. அதே ஆர்மோன் நாஜி ஆக்கிரமிப்பின்போது புகையிரதத் தொழிலாளரின் எதிர்ப்பியக்கத்தில் முன்னின்று 1944இல் கைதானவர். கொதிகலன் நீரை ஆராய்ந்தவர் தன் காலத்து அரசியலுக்கு வெளியே நிற்கவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஒரு தீவு, இரண்டு நீர்கள்

மொன்றியலுக்கு வருவோம். 1852 யூலையில் இந்நகரத்தின் பெரும்பகுதி எரிந்தபோது நீர்த்தேக்கம் வெறுமையாக இருந்தது. ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் வீடிழந்தனர். அதன் பின்னரே தோமஸ் கீஃபரின் திட்டப்படி சென். லோரன்ஸ் நதியிலிருந்து கால்வாய் வெட்டி, 1856இல் நீரை மலைச்சரிவிலிருந்த மக்டாவிஷ் நீர்த்தேக்கத்திற்கு ஏற்றினார்கள். 1910இல் நீருக்குக் குளோரின் சேர்க்கத் தொடங்கினார்கள். 1918இல் வடிகட்டும் நிலையம் இயங்கத் தொடங்கியது. வீட்டுக்கு அழுத்தத்துடன் நீர் வந்த பின்தான் வீட்டு வெந்நீர்ச் சுற்று சாத்தியமானது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மொன்றியலின் வோர்டன் கிங் வார்ப்பாலை 'டெய்சி' என்ற பெயரில் வீட்டுக் கொதிகலன்களை வார்த்து விற்றது. பூப் போட்ட வார்ப்பிரும்பு றேடியேற்றர்கள் இன்றும் பிளாட்டோவிலும் உட்ரமோனிலும் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் உள்ள பழைய வீடுகளில் நிற்கின்றன. எம்மவர்கள் அவற்றின் மேல் காலுறை காயப்போட்டிருக்கிறார்கள்.

இந்த நகரத்தின் நீர் எப்படிப்பட்டது? பெரும்பாலான பகுதிகளுக்குச் சென். லோரன்ஸ் நதியின் நீர் வருகிறது. பேரேரிகளின் சுண்ணக்கல் நிலத்தைத் தொட்டு வருவதால் அதன் வன்மை லீற்றருக்கு 120 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. ஆனால் தீவின் வடமேற்கே பியர்ஃபோன் நிலையம் எடுக்கும் நீர் ஒட்டாவா நதி வழியாக வருவது. கனடியக் கேடயத்தின் கருங்கல் நிலத்தைக் கடந்து வருவதால் அது மென்னீர். ஆகவே ஒரே தீவில் இரண்டு நீர்கள். ஒருவரின் கேத்திலில் பொருக்குப் படியும், மற்றவரின் கேத்தில் பளபளக்கும். மென்னீர் என்றவுடன் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. பொருக்கு குறைவுதான். ஆனால் இரும்பை அரிப்பதில் அது பின்நிற்பதில்லை.

எதிரி மாறுகிறது

இங்குதான் என் பிழையின் வேர் இருக்கிறது. நீராவி இயந்திரம் நீரைக் குடித்துக்கொண்டே இருப்பது. ஒவ்வொரு நாளும் புது நீர், ஒவ்வொரு நாளும் புதுச் சுண்ணாம்பு. வீட்டு வெந்நீர்ச் சுற்றோ மூடியது. அதே நீர் கொதிகலனிலிருந்து றேடியேற்றருக்குப் போய்த் திரும்பி வருகிறது. ஒருமுறை நிரப்பினால் அந்த நீரிலுள்ள சுண்ணாம்பு ஒருமுறை மட்டுமே படியும். இங்கு முதல் எதிரி சுண்ணாம்பல்ல, நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன்.

பத்துப் பாகைக் குளிரில் ஒரு லீற்றர் புது நீரில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஒட்சிசன் இருக்கிறது. அது இரும்பைத் தின்கிறது. தின்று தீர்ந்ததும் அந்த நீர் அடங்கிவிடுகிறது. உண்டான இரும்பு ஐதரொட்சைட்டு சூட்டில் மெல்ல மெல்லக் கறுப்பு ஒட்சைட்டாகவும் ஐதரசன் வாயுவாகவும் மாறுகிறது. நான் கண்ட மை அந்தக் கறுப்பு ஒட்சைட்டுத்தான். காந்தத்தில் ஒட்டும். நீரின் காரத்தன்மை சரியாக இருந்தால் அதன் மெல்லிய படலமே இரும்பை மேலும் அரிக்காமல் காக்கிறது. ஆகவே அந்தக் கறுத்த, நாறிய, செத்த நீர்தான் கொதிகலனின் நண்பன். தெளிந்த புது நீர்தான் அதன் எதிரி.

கிணற்று மேட்டில் வளர்ந்த எமக்கு இது தலைகீழான உண்மை. தேங்கிய நீர் கெட்டது, ஊறும் நீர் நல்லது என்பது எமக்குப் பாலோடு புகட்டப்பட்ட அறிவு. அந்த அறிவு பிழையல்ல. குடிக்கும் நீருக்கு அது சரி. ஆனால் அறிவுக்கும் ஒரு நிலம் உண்டு. நிலம் மாறும்போது அறிவை அப்படியே தூக்கிக்கொண்டு போய் நட்டுவிட முடியாது. புலம்பெயர்ந்த சமூகமாக நாம் வேறு பல விடயங்களிலும் செய்துகொண்டிருப்பது இதைத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

மூன்றாம் குளிர்காலத்திலேயே முறைப்பாடுகள் வரத் தொடங்கின. இரண்டாம் மாடியிலிருந்த எங்கள் பெடியன் ஒருவன் கதவைத் தட்டினான். "அண்ணை, மேல்பக்கம் கை வைக்கேலாமல் சுடுது. கீழ்ப்பக்கம் செத்த பாம்பு மாதிரிக் குளிருது." மேல் மாடியில் பேரப்பிள்ளைகளோடு இருந்த ஒரு அம்மா, "தம்பி, உந்த இரும்பு இரவிரவாக் குமுறுது. நித்திரை இல்லை" என்றார். நான் போய்க் காற்றுத் திறப்பைத் திருகி வாயுவை வெளியேற்றினேன். இரண்டு கிழமையில் மீண்டும் குமுறியது.

நான்காம் வருடம் ஒரு முதிய போர்த்துக்கேயக் குழாய்த் தொழிலாளி வந்தார். மேல் மாடி றேடியேற்றரின் திறப்பைத் திருகி, வெளிவந்த வாயுவுக்கு நேரே தன் சிகரட் லைற்றரைப் பிடித்தார். சிறிய நீலச் சுவாலை எழுந்தது. காற்று எரியாது. எரிந்தது ஐதரசன். (இதை எவரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.) இரும்பு உள்ளே உருகிப்போகிறது என்பதற்கு அதுதான் சாட்சி என்றார். எப்போதாவது நீரை மாற்றினாயா என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கணக்கு

இனிக் கணக்கைப் பார்ப்போம். எங்கள் கட்டடத்தின் சுற்றில் ஏறத்தாழ 2000 லீற்றர் நீர் இருந்ததாக வைத்துக்கொள்வோம். ஒருமுறை நிரப்பும்போது 22 கிராம் ஒட்சிசன் உள்ளே போகிறது. அது 58 கிராம் அளவில் இரும்பைத் தின்று 80 கிராம் கறுப்புச் சேற்றைத் தரும். சுண்ணாம்பு அதிகம் போனால் 240 கிராம். அது முழுவதும் படியாது. படிவது மிகச் சூடான இடத்தில், அதாவது கொதிகலனின் சுவரில்தான். நான்கு தடவை நிரப்பியதற்கு இதை நான்கால் பெருக்குங்கள். குற்றந்தான். ஆனால் ஒரு கட்டடத்தைக் கொல்லும் அளவு குற்றமா?

அந்தத் தொழிலாளி நிலவறையில் இன்னொரு விடயத்தையும் காட்டினார். நகரக் குழாயிலிருந்து கொதிகலனுக்கு நீர் விடும் தன்னியக்க வால்வு மெல்லச் சீறிக்கொண்டிருந்தது. எங்கோ நிலத்தின் கீழ் ஒரு குழாய் கசிகிறது. குறையும் நீரை வால்வு சத்தமில்லாமல் நிரப்பிக்கொண்டே இருக்கிறது. அழுத்தமானியில் எந்தக் குறையும் தெரியாது. கிழமைக்கு 100 லீற்றர் கசிந்தால் முப்பது கிழமைக் குளிர்காலத்தில் 3000 லீற்றர். அதாவது என்னுடைய ஒரு இறைப்பைவிட ஒன்றரை மடங்கு, ஒவ்வொரு வருடமும், எவரும் காணாமல். இந்தக் கசிவு நான் வருவதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும். நான் வந்த முதல் நாள் கண்ட மையே அதற்குச் சான்று.

வீட்டுக்காரரிடம் சொன்னோம். குழாயைத் தோண்டித் திருத்தவும், சுற்றைக் கழுவி மருந்திடவும் செலவாகும். அவர் வேறு முடிவெடுத்தார். அடுத்த கோடையில் றேடியேற்றர்களைப் பிடுங்கி விற்றுவிட்டு ஒவ்வொரு வீட்டுச் சுவரடியிலும் மின்சார ஹீற்றர்களைப் பூட்டினார். காரணம் கேட்டவர்களிடம், கொன்சியேர்ஜ் கொதிகலனைப் பழுதாக்கிவிட்டான் என்றார். இருபது வீட்டாரும் அதை நம்பினார்கள். நானும் நம்பினேன்.

எண்ணெயிலிருந்து மின்சாரத்திற்கு

அந்த வீட்டுக்காரர் தனியாக எடுத்த முடிவல்ல அது. கியூபெக்கின் அரை நூற்றாண்டு வரலாறு அவருக்குப் பின்னால் நின்றது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் நிலக்கரி போய் எண்ணெய் வந்தது. 1941இல் போர்ட்லன்டிலிருந்து மொன்றியலுக்கு எண்ணெய்க் குழாய் போடப்பட்டிருந்தது. நகரின் கிழக்கே சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது அந்த உலகம் ஆட்டங்கண்டது. மறுபுறம், 1944இல் உருவாகி 1963இல் தனியார் கம்பனிகளை விழுங்கிய ஹைட்ரோ-கியூபெக், 1971இல் அறிவிக்கப்பட்ட ஜேம்ஸ் பே திட்டத்தின்படி 1979இல் லா கிரான்ட்-2 நிலையத்தைத் திறந்தது. மின்சாரம் மலிந்தது. சுவரடி ஹீற்றர் கியூபெக்கின் அடையாளமாயிற்று.

அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது? கிறீ, இனுயிற் மக்களின் வேட்டை நிலங்களை மூழ்கடித்த நீரிலிருந்து. அம்மக்கள் நீதிமன்றம் போனபின்தான் 1975இல் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அடுத்த கட்டமான கிரேற் வேல் திட்டத்தைக் கிறீ மக்கள் நியூயோர்க் வரை சென்று எதிர்த்தார்கள். 1994 நவம்பரில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. நிலத்தை இழந்து வந்த நாம், இன்னொருவரின் நிலத்தை மூழ்கடித்த நீரால் குளிர்காய்ந்தோம். குற்றவுணர்வுக்காக இதைச் சொல்லவில்லை. கொதிகலன் நீரானாலும் அணை நீரானாலும் கணக்கு எழுதும்போது எல்லாச் செலவையும் எழுத வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் நடந்த மாற்றத்தின் பொருள் எளிமையானது. கொதிகலன் இருந்தவரை வெப்பம் வாடகைக்குள் அடங்கியது. செலவு வீட்டுக்காரருடையது. சுவரடி ஹீற்றர் வந்ததும் மின்சாரப் பட்டியல் ஒவ்வொரு வீட்டுக்காரியின் பெயரிலும் வந்தது. வாடகை ஒரு சதமும் குறையவில்லை. கியூபெக்கில் வாடகைப் பிணக்குகளுக்கென 1980இலிருந்து ஒரு தீர்ப்பாயம் இருந்தது. அப்போது றெஜி என்பார்கள். 2020இல் அதற்குப் பெயர் மாறியது. வாடகைக்குள் இருந்த சேவையை நீக்கினால் வாடகையும் குறைய வேண்டும் என்று அங்கே போய்க் கேட்டிருக்கலாம். வீடு 21 பாகையில் இருக்க வேண்டும் என்று நகரசபை விதியும் உண்டு. எவரும் போகவில்லை. பாதிப்பேரின் அகதி விண்ணப்பம் முடிவாகவில்லை. அரச முத்திரை பதித்த எந்தக் கடிதத்திலும் தங்கள் பெயர் வருவதை அவர்கள் விரும்பவில்லை. 1986 ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர் பற்றிப் பத்திரிகைகள் எழுதியதெல்லாம் எங்கள் நினைவில் பச்சையாக இருந்தது. குற்றவாளி எங்கள் ஆள் ஒருவனே என்று கிடைத்தபோது அதை நம்புவது எல்லோருக்கும் இலகுவாகவும் இருந்தது.

இதில் ஊர்ப் பழக்கமும் சேர்ந்துகொண்டது என்பதை மறைக்கக் கூடாது. கிணற்றை யார் தொட்டார்கள், நீர் யாரால் கெட்டது என்று கேட்டுப் பழகிய சமூகம் எங்களுடையது. ஒடுக்கப்பட்ட மக்களைக் கிணற்றுக் கட்டில் ஏற விடாத வரலாறு எங்களுக்கு உண்டு. நீர் கெட்டது என்றவுடன் கையைத் தேடினோமே தவிரக் குழாயைத் தேடவில்லை.

1998 ஜனவரியில் உறைமழை பெய்து மின்கம்பங்கள் சாய்ந்தபோது கியூபெக்கில் பல இலட்சம் வீடுகள் இருளிலும் குளிரிலும் கிடந்தன. மின்சார ஹீற்றர் வைத்த வீடுகள் மட்டுமல்ல, எண்ணெய்க் கொதிகலன் வைத்த வீடுகளும் குளிர்ந்தன. எரிப்பானுக்கும் பம்பிக்கும் மின்சாரம் வேண்டும். குழாய் வெடித்துவிடும் என்று பயந்து பலர் றேடியேற்றர் நீரை வடியவிட்டார்கள். அது சரியான செயல். மின்சாரம் வந்ததும் புது நீரை நிரப்பினார்கள். அந்த நீருக்கு மருந்திட வேண்டும் என்று அவர்களில் எத்தனை பேருக்கு யார் சொன்னார்கள்?

மற்ற நாடுகள் எப்படிச் செய்தன?

வெந்நீர்ச் சுற்றைத் தேசியப் பழக்கமாக்கிய நாடுகள் இந்த அறிவை வழக்கமாக்கிவிட்டன. பிரித்தானியாவில் 1964இல் ஃபேர்நொக்ஸ் கொம்பனி தொடங்கியபின் அரிப்புத் தடுப்பு மருந்து குழாய்த் தொழிலாளியின் பெட்டிக்குள் வந்தது. 1992இல் பீ.எஸ். 7593 என்ற நியமம் வெளியானது. வீட்டு வெப்பச் சுற்றைக் கழுவுவது எப்படி, மருந்திடுவது எப்படி என்று அது வகுத்தது. 2019இல் அதைத் திருத்தி, சுற்றில் வடிகட்டி பூட்டவும், வருடாவருடம் நீரைச் சோதிக்கவும் சொன்னார்கள். ஜேர்மனியில் வேறு வழி. மருந்தைவிடத் தூய நீரையே அவர்கள் விரும்புகிறார்கள். வீ.டி.ஐ. 2035 என்ற வழிகாட்டி நிரப்பும் நீரின் வன்மைக்கு எல்லை வைக்கிறது. பிளாஸ்ரிக் குழாயின் சுவரை ஊடுருவியும் ஒட்சிசன் உள்ளே வரும் என்று கண்டபின் டின் 4726 நியமம் அதற்கும் எல்லை வைத்தது. லண்டனிலும் பேர்லினிலும் உள்ள எமது வாசகர்களின் வீட்டுச் சுவரிலேயே இந்த இரண்டு மரபுகளும் தொங்குகின்றன.

இரண்டு மரபுகளும் ஒன்றை ஒப்புக்கொள்கின்றன: சுற்று கசியக் கூடாது, புது நீர் சேரக் கூடாது. இதை விட்டுவிட்டு மருந்தை மட்டும் ஊற்றுவது ஓட்டைப் பானைக்குப் பூச்சுப் பூசுவது. இந்த மில்லிமீற்றர் பொருக்குக்கு இத்தனை வீத எண்ணெய் வீண் என்று அச்சிட்டு வரும் விற்பனைத் தாள்களையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. கொதிகலனுக்குக் கொதிகலன் அது மாறும்.

இன்று இது ஏன் முக்கியம்?

எம்மில் பலர் இன்று வீட்டுக்காரராகிவிட்டோம். பழைய டூப்ளெக்ஸ், ட்ரிப்ளெக்ஸ் வாங்கியிருக்கிறோம். அவற்றில் நூறு வருடத்து றேடியேற்றர்கள் நிற்கின்றன. கியூபெக்கில் 2021 முடிவிலிருந்து புதிய வீடுகளில் எண்ணெய்க் கொதிகலன் பூட்ட முடியாது. 2023 முடிவிலிருந்து பழையது பழுதானாலும் எண்ணெயோ வேறு புதைபடிவ எரிபொருளோ கொண்டு அதை மாற்ற முடியாது. ஆகவே பழைய வெந்நீர்ச் சுற்றில் மின்சாரக் கொதிகலனையோ வெப்பப் பம்பியையோ இணைப்பதா, அல்லது றேடியேற்றர்களைப் பிடுங்குவதா என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது.

பழைய வார்ப்பிரும்புக் கொதிகலன் பெருந்தன்மையானது. அகன்ற வயிற்றில் சேறு கிடந்தாலும் எரிந்துகொண்டிருக்கும். புதியவை அப்படியல்ல. அவற்றின் நீர்வழிகள் ஒடுங்கியவை. புதிய பம்பிகளின் உள்ளே நிலைக்காந்தம் இருக்கிறது. கறுப்பு ஒட்சைட்டு போய் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். எரிவாயுவில் இயங்கும் ஒடுக்கக் கொதிகலன்களில் திரும்பி வரும் நீர் ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழ் இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி நீராகி அதன் வெப்பமும் கிடைக்கும். றேடியேற்றரின் அடியில் சேறு இருந்தால் அறை சூடாகாது, வீட்டார் சூட்டைக் கூட்டுவார்கள், நீர் சூடாகவே திரும்பி வரும், அந்தச் சேமிப்புப் போய்விடும். வெப்பப் பம்பிக்கும் இதுவே. குறைந்த சூட்டில் நீரை ஓடவிடும்போதுதான் அது சிக்கனமாக இயங்கும்.

ஆகவே செய்ய வேண்டியவை சில. புதுக் கொதிகலன் பூட்டுமுன் சுற்றை ஒருமுறை முறையாகக் கழுவி, மருந்திட்ட அல்லது உப்பு நீக்கிய நீரால் நிரப்ப வேண்டும். பின்னர் அதைத் தொடக் கூடாது. நிரப்பும் குழாயில் ஒரு சிறு நீர்மானி பூட்ட வேண்டும். மாதமொருமுறை அதைப் பார்த்தால் கசிவு ஒளிந்திருக்க முடியாது. திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி நல்லது. அலுமினியம் சேர்ந்த கொதிகலனானால் எந்த மருந்து, எந்தக் காரத்தன்மை என்று தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்க்காமல் எதையும் ஊற்றக் கூடாது. இந்த வேலையை உரிமம் பெற்ற தொழிலாளியிடம் விடுங்கள். ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு விடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வீட்டுக்காரராகிய நாம் இன்று வாடகைக்கு விடுகிறோம். கீழ் மாடியில் நேற்று வந்த ஹெயிற்றிக்காரரோ பஞ்சாபியரோ எங்கள் ஆளோ இருக்கிறார். அவர் "கீழ்ப்பக்கம் குளிருது" என்று கதவைத் தட்டும்போது நாம் நிலவறைக்குப் போய்க் குழாயைப் பார்க்கிறோமா, அல்லது எதையோ தொட்டுப் பழுதாக்கிவிட்டாய் என்கிறோமா?

சில வருடங்களுக்கு முன் அந்தப் பழைய கட்டடத்தில் இருந்த எங்கள் பெடியனை ஒரு கலியாண வீட்டில் கண்டேன். இப்போது அவனுக்கு லவாலில் சொந்த வீடு. "அண்ணை, நீங்கள் உடைச்ச பொயிலராலை நாங்கள் பட்ட பாடு" என்று சிரித்தான். இந்தக் கணக்கை அவனிடம் சொன்னேன். கிழமைக்கு 100 லீற்றர் என்றதும் சிரிப்பை நிறுத்தினான். "அப்ப ஏன் அந்த நேரம் ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று கேட்டான்.

சொல்லத் தெரிந்திருக்கவில்லை. எம்மில் எத்தனையோ பேர் இந்நகரின் நிலவறைகளில், சமையலறைகளில், தொழிற்சாலைகளில் முப்பது வருடம் வேலை செய்தோம். அங்கு கற்றதை எழுதி வைத்தவர் மிகக் குறைவு. இக்கணக்கில் பிழை கண்டவர்கள், வேறு அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள். குறிப்பாகக் கொன்சியேர்ஜாக இருந்தவர்கள்.